பாதி விலைக் கார்: கல்லடி வீட்டார் குழு

சின்னத்தம்பி: மாமா, களுவாஞ்சிகுடியில ஒரு வேகன் ஆர் விலைக்கு நிற்கிறது. சந்தை விலையில் பாதிதான் கேட்கிறார். ஓபன் பேப்பர், அதாவது பேர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் வைத்த விற்பனைத் தாள்தான்; வாகனப் பதிவுப் புத்தகம் பிறகு தருவாராம். எடுக்கட்டா?

பெரியக்கா: பாதி விலைக்கா? அப்படி என்ன அவசரம்?

சின்னத்தம்பி: வெளிநாடு போகிறாராம் அக்கா. நாளைக்கு அட்வான்ஸ் வேண்டுமாம்.

லோயர் மாமா: மருமகன், ஒரு சதமும் கொடுக்காதே. கார் களவெடுத்தவனுக்கு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 367ஆம் பிரிவில் 3 வருசம் வரை மறியல் (சிறை), இல்லாவிட்டால் தண்டம், இல்லாவிட்டால் இரண்டும். களவுச் சாமான் என்று தெரிந்து வாங்கினாலும், அப்படி நினைக்கக் காரணம் இருந்தும் வாங்கினாலும் பிரிவு 394. அதற்கும் அதே 3 வருசம்தான்.

சின்னத்தம்பி: நான் காசு கொடுத்துத்தானே மாமா வாங்குகிறேன்?

லோயர் மாமா: பாதி விலை, புத்தகமும் இல்லை. இதைப் பார்த்தும் சந்தேகம் வரவில்லையா என்றுதான் கோட்டில் கேட்பார்கள். சரி, நீ குற்றவாளி இல்லை என்று வெளியே வந்தாலும் கார் சொந்தக்காரனுக்குத்தான் போகும். உன் காசுக்கு விற்றவனைத் தேடித் திரிய வேண்டும்.

கராஜ் மச்சான்: எங்கட கராஜுக்கும் இப்படி ஒரு கார் வந்தது. செசி நம்பர் (வண்டிச் சட்டத்தில் பொறித்த அடையாள நம்பர்) இருந்த இடத்தில் அரம் போட்டு உரசி, மேலே பெயின்ற் அடித்திருந்தான். நம்பரில் கடைசி இரண்டு எழுத்தும் வரியை விட்டு இறங்கி நின்றது. நான் கையே வைக்கவில்லை.

பெரியக்கா: வாடகைக்கு எடுத்த காரை அடகு வைக்கிறார்களே, அதுவும் களவா மாமா?

லோயர் மாமா: அது நம்பிக்கை மோசடி, பிரிவு 389. அதற்கும் 3 வருசம் வரை. ஆளை மறித்து மிரட்டிப் பறித்தால் கொள்ளை, 10 வருசம் வரை போகும். இரவில் பெருவீதியில் என்றால் 14. அரசாங்க வாகனம் என்றால் 1982ஆம் ஆண்டுப் பொதுச் சொத்துச் சட்டம்: குறைந்தது 1 வருசம், கூடினால் 20.

சின்னம்மா: பிள்ளை வேலைக்குப் போய் வரத்தானே ஆசைப்பட்டான். பஸ்ஸில போகலாம் மகன், கொஞ்ச நாள் பொறு.

லோயர் மாமா: வாகன நம்பரை வாங்கி அனுப்பு. கட்டணம் கட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விபரம் எடுக்கலாம். லீசிங் கடன் கிடக்கிறதா என்றும் பார்ப்போம்.

சின்னத்தம்பி: கேட்டேன் மாமா. நம்பர் தரமாட்டாராம். காசோடு நேரில் வரட்டாம்.

லோயர் மாமா: போகாதே. அவர் அனுப்பிய மெசேஜ் ஒன்றையும் அழிக்காதே. காலையில் நானும் வாறேன், பொலிஸில் சொல்லி வைப்போம்.