பால்கோவா பேக்கிங்: பீடி இடைவேளை முடிந்து வருபவர்கள் கை கழுவ என்ன ஏற்பாடு?

வணக்கம். பால்கோவா பொதியும் ஒரு சிறு ஆலைக்கு யோசனை வேண்டும். உள்ளே புகைக்க, மெல்ல, துப்பக் கூடாது என்று எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிகளின் அட்டவணை 4 சொல்கிறது, அதில் குழப்பமில்லை. சிக்கல், வெளியே பீடி குடித்துவிட்டு வந்து நேரே டிரேயில் கை வைப்பது. சாம்பலைவிட எச்சில்தான் ஆபத்து. வாய், மூக்கைத் தொட்ட விரலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி ஒட்டும். சர்க்கரை மிகுந்த பண்டத்திலும் அது தாக்குப்பிடிக்கும். பெருகி நஞ்சு சுரந்துவிட்டால் மறுபடி சூடாக்கியும் பயனில்லை, கிருமி சாகும், நஞ்சு சாகாது.

இப்போதைய ஒழுங்கு: வெளியே போகுமுன் ஏப்ரன், தொப்பி, கையுறையைக் கழற்ற வேண்டும். திரும்பியதும் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்து, காகிதத் துண்டால் துடைத்து, புதுக் கையுறை. நெய்ப்பிசுக்குக் கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, அதனால் அதை மட்டும் நம்பவில்லை.

கேள்வி இதுதான். கையால் திறக்கும் குழாய் என்றால் கழுவிய கை மறுபடி அழுக்காகிறது. கால்மிதிக் குழாய் போட்டால் உப்புத் தண்ணீரில் வால்வு உப்புப் படிந்து இறுகுகிறது. முழங்கால் தள்ளு வகை தாங்குமா? முன்னால் ஃபில்டர் வைத்தால் போதுமா, சாஃப்ட்னரே (நீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) வேண்டுமா? புகைக்கும் இடத்தை, காற்று உள்ளே இழுக்கும் ஜன்னலிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறீர்கள்? படமோ அளவோ இருந்தால் தயவுசெய்து போடுங்கள்.