நகச் சோதனையும் எழுத்து அட்டையும்: பம்பாய்ப் பள்ளி நாட்களின் அனுபவங்கள்

தாராவிக்காரர்:

1968-இல் தாராவியில் ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைகளில் பிரார்த்தனை முடிந்ததும் எங்களை வகுப்புக்குள் விடமாட்டார்கள். வரிசையில் நின்றபடியே இரு கைகளையும் நீட்ட வேண்டும். நகம், பல், காதின் பின்புறம், சட்டையில் ஊக்கால் குத்திய கைக்குட்டை என ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஆசிரியர் வருவார். அழுக்கு தென்பட்டால் மர அடிக்கோல் விரல் முட்டியில் இறங்கும்.

எங்கள் சந்துக்கு ஒரே ஒரு பொதுக் குழாய். விடியற்காலையில் சிறிது நேரமே தண்ணீர் வரும் என்பதால் அம்மா இருட்டிலேயே எழுந்துபோய்க் குடத்தை வரிசையில் வைப்பார். ஐந்து குடம் கிடைத்த நாளில் எனக்குக் குளியல் உண்டு. இரண்டோடு திரும்பினால் முகம் கழுவியதோடு சரி. அன்று அடி வாங்கியவர்கள் யார் யார் என்று கேட்டால் போதும், எந்தச் சந்தில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லிவிடலாம். தோல் பதனிடும் கொட்டகையில் மாலையில் தந்தைக்கு உதவிய ஒரு பையனின் நகக்கறை எந்தச் சோப்புக்கும் போகவில்லை; அவன் ஆண்டு முழுவதும் அடி வாங்கினான்.

ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரோடு வந்த நர்ஸ் அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். கண் பரிசோதனைக்கு இருபதடி தூரம் வேண்டும். எங்கள் வகுப்பறை அவ்வளவு நீளமில்லாததால் எழுத்து அட்டையைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டார்கள். முன்னால் நின்றவர்கள் உரக்கப் படித்ததைக் கேட்டே நான் அத்தனை வரிகளையும் மனப்பாடம் செய்துவிட்டு, என் முறை வந்ததும் தடங்கலின்றி ஒப்பித்தேன். நர்ஸ் அம்மா ஒன்றும் சொல்லாமல் கடைசி வரியின் நடுவெழுத்தைக் குச்சியால் தொட்டு, "இது?" என்றார். எனக்குக் குச்சியே சரியாகத் தெரியவில்லை. அவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு சயான் மருத்துவமனைக்குப் போனதில்தான் எனக்குக் கண்ணாடி வந்தது. அதுவரை பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதி, காப்பியடித்ததாகவும் தண்டனை பெற்றிருந்தேன்.

மாட்டுங்காப் பெண்மணி:

பெண் பிள்ளைகளுக்கு நகத்தைவிடத் தலைதான் சோதனை. பின்னலை அவிழ்த்து, பென்சில் முனையால் முடியை விலக்கிப் பார்ப்பார்கள். பேன் இருந்தால் கடைசி பெஞ்சு. தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்தாலே பேன் ஏறிவிடும், அதற்குச் சுத்தமான தலை, அழுக்குத் தலை என்ற பேதமில்லை என்பதை அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் அம்மா சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தலையில் பூசிவிட்டார். (அது கண்ணில் பட்டால் கண்ணையே கெடுத்துவிடும், யாரும் முயல வேண்டாம்.) ஒரு சொட்டு கண்ணில் வழிந்து கண் சிவந்து வீங்கிவிட்டது. மறுநாள் தலையைப் பார்க்க வந்த டீச்சர் முகத்தைப் பார்த்ததுமே 'மெட்ராஸ் ஐ' என்று முடிவு செய்து, என்னை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த ஒரு வாரம் பேன்களுக்கும் விடுமுறைதான்.

அம்மை குத்த வருகிறார்கள் என்ற செய்தி வந்தால் பாதி வகுப்பு பின்பக்கத்து ஜன்னல் வழியே இறங்கி ஓடிவிடும். இந்தியாவில் 1975 மே மாதத்தோடு பெரியம்மை ஓய்ந்தது. அந்த வட்டத் தழும்பு என் கையில் இன்னும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலியர்:

நான் மேசையின் மறுபக்கத்தில் இருந்தவள். பள்ளிச் சுகாதாரம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவுமே நாட்டில் இல்லை என்று 1946-இல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு எழுதியது. 1960-இல் ரேணுகா ராய் தலைமையில் அதற்கென்றே ஒரு குழு அமைந்து மறு ஆண்டு அறிக்கையும் தந்தது. ஆயினும் எழுபதுகளில் நான் பம்பாயில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு காலைப் பொழுதில் ஒரு பள்ளியின் பிள்ளைகள் அனைவரையும் பார்த்து முடிக்க வேண்டியிருந்தது. கீழிமையை இழுத்து இரத்தசோகையைப் பார்ப்போம். வெண்விழியில் நுரை போன்ற சாம்பல் திட்டு இருந்தால் வைட்டமின் ஏ குறைவு என்று குறித்துக்கொள்வோம். குறிப்பது எளிது. ஆனால் சீட்டோடு பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தந்தை ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்பதால், அடுத்த ஆண்டு அதே பிள்ளையின் அட்டையில் அதே குறிப்பை மீண்டும் எழுதியிருக்கிறேன். தாராவிக்காரருக்கு அந்த ஒரு நாளை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

அட்டையின் நடுவெழுத்தைத் தொட்டுக் கேட்பது எங்கள் எல்லோருக்கும் வழக்கம்தான். வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளைகளில் அந்த அட்டையை மனப்பாடம் செய்யாத ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.