காது இரைச்சல்: ‘டென்ஷனைக் குறைங்க’ என்றால் என்னதான் செய்வது?

இரவுப்பறவை:
நான்கு மாதமாக இரண்டு காதிலும் ‘கொய்ங்’ சத்தம். ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) நார்மல், காதில் அழுக்கும் இல்லை. படுத்தால்தான் அதிகம். ஈ.என்.டி. மருத்துவர் டென்ஷனைக் குறைக்கச் சொல்கிறார். என்ன பயிற்சி, எத்தனை நிமிடம்? இயர் பிளக் வைத்துத் தூங்கலாமா?

செவிச்சாளரம்:
இயர் பிளக் வேண்டவே வேண்டாம். வெளிச்சத்தம் குறைந்தால் மூளை உள்சத்தத்தைத் தேடிப் பிடிக்கும். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நன்றாகக் காது கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்தார்கள்; 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் ஒலி கேட்டது.

அதனால் படுக்கையறையில் நிசப்தம் கூடாது. ஃபேன் போதும், ஏசி அறை என்றால் மொபைலில் மழைச் சத்தம். அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரைச்சலை மூழ்கடிக்காமல், அதற்கு ஒரு படி கீழே, இரண்டும் கலந்து கேட்கிற மாதிரி வையுங்கள். மூழ்கடித்தால் மூளை அதற்குப் பழகவே வழியில்லை. டைமரும் வேண்டாம், நடுராத்திரி விழித்தால் நிசப்தத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

மெல்லமூச்சு:
மூக்கால் 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுங்கள். ஒரு வேளைக்கு 10 நிமிடம், தினம் இரண்டு வேளை. இரைச்சல் ஏறும்போது மட்டும் செய்தால் ‘குறைஞ்சுதா?’ என்று காதையே கவனிப்பீர்கள். டென்ஷன் இன்னும் ஏறும். நேரம் குறித்துச் செய்யுங்கள்.

மாலையில் தோள், கழுத்து, தாடை: ஒவ்வொன்றையும் 5 விநாடி இறுக்கி 15 விநாடி தளரவிடுங்கள், மும்மூன்று முறை. பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் தாடையை இறுக்காதீர்கள். நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து, பற்கள் ஒன்றையொன்று தொடாமல் விட்டாலே போதும்.

இரவுப்பறவை:
அப்படியும் தூக்கம் வராவிட்டால்? ஜிங்கோ (ஒரு மரத்தின் இலைச்சாறு) மாத்திரை உதவுமா?

செவிச்சாளரம்:
உத்தேசமாக 20 நிமிடம் புரண்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் வேறிடத்தில் உட்காருங்கள். கடிகாரம் பார்க்காதீர்கள். ஜிங்கோவுக்குப் பலன் நிரூபணமாகவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோருக்கு ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. அந்தக் காசைச் சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) தெரிந்த உளவியலாளரிடம் கொடுக்கலாம். சத்தத்தை அது குறைக்காது, சத்தத்தால் வரும் அவதியைக் குறைக்கும்.

மெல்லமூச்சு:
படிக்கும் மற்றவர்களுக்கு: ஒரு காதில் மட்டும் இரைச்சல், அல்லது நாடியோடு சேர்ந்து துடிக்கும் சத்தம் என்றால் மூச்சுப்பயிற்சியோடு நிற்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். திடீரென ஒரு காது மந்தமானால் அன்றைக்கே போகவேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சையில் நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும்.