அத்தாரீன் மதரசாச் சுவர் மாதிரி: எட்டுமுனை நட்சத்திரம் வெட்டுவதும் சாந்துச் செதுக்கலும்

செட்டிகுளம் மேசன்:
அஸ்ஸலாமு அலைக்கும். சின்ன மதரசா ஒன்றுக்கு இரண்டு சுவர் அலங்காரம் செய்ய வேண்டும். நிர்வாகத்தார் காட்டின படம் மொரோக்கோவில் ஃபெஸ் நகர அத்தாரீன் மதரசா. கீழே டைல்ஸ், நடுவில் செதுக்கின சாந்து, மேலே மரம். ஒன்று 8 அடி அகல உள்சுவர், மற்றது திறந்த விறாந்தைச் சுவர். கையில் இருப்பது 300 மி.மீ. செரமிக் டைல்ஸ். நட்சத்திரத்தை ஒரே துண்டாக வெட்டினால் உள்மூலையில் பிளக்கிறது. சாந்துக்கு பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் போதுமா?

கோணமட்டம்:
வஅலைக்கும் ஸலாம் தம்பி. உள்மூலையை கிரைண்டரால் வெட்டவே வேண்டாம். வட்டத் தகடு மூலையைத் தாண்டித்தான் ஓடும், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். ஃபெஸ் கைவினைஞர்கள் ஏறக்குறைய 10 செ.மீ. சதுர டைல்ஸைச் சுத்தியலால் கொத்திச் சிறு துண்டுகளாக்கித்தான் சேர்க்கிறார்கள். நீங்களும் நட்சத்திரத்தைப் பிரியுங்கோ.

ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு சதுரக் கட்டம். கட்டம் 300 மி.மீ. என்று வையுங்கோ. நட்சத்திரத்தின் நடுவில் 88 மி.மீ. பக்கமுள்ள எண்கோணம். அதைச் சுற்றி எட்டு செங்கோண முக்கோணம், குறும்பக்கம் 62, நெடும்பக்கம் 88. முதலில் 212 மி.மீ. சதுரம் வெட்டி அதன் மூலைகளைச் சீவினால் எண்கோணம் வந்துவிடும். விழுகிற நாலு மூலைத்துண்டும் அதே அளவு முக்கோணம்! மிச்சம் நாலுக்குத்தான் புது டைல்ஸ். நட்சத்திரங்களுக்கு இடையில் வரும் சிலுவை வடிவத்துக்கு நடுவில் 88 சதுரம் ஒன்று, நாலு புறமும் கூர்நுனி ஐங்கோணம் (அகலம் 88, நேர்ப்பக்கம் 62). எல்லாத் துண்டையும் பக்கத்துக்கு 1 மி.மீ. குறைத்து வெட்டினால் இடைவெளி சரியாக வரும்.

8 அடி என்றால் 2438 மி.மீ. ஏழு கட்டம் 2100, மிச்சம் 338. இரண்டு பக்கமும் 169 மி.மீ. கரை விடுங்கோ. ஒற்றை எண் கட்டாயம், அப்போதுதான் ஒரு நட்சத்திரம் சுவரின் நடுக்கோட்டில் விழும். நாலு கட்ட உயரம் வைத்தால் 28 நட்சத்திரம், 18 முழுச் சிலுவை, ஓரங்களில் 18 அரை, மூலைகளில் 4 கால். முதலில் தரையில் உலர்வாக அடுக்கிப் பாருங்கோ. ஒரு மூலையில் தொடங்கினால் கட்டத்துக்கு 1 மி.மீ. பிசகு ஏழாவதில் 7 ஆகிவிடும். நடுவில் தொடங்குங்கோ.

சுண்ணாம்புக்காளவாய்:
அந்த மதரசா 1323 முதல் 1325 வரை கட்டியது. அதன் அடுக்கில் ஒரு காரணம் இருக்கு. முதுகு சாய்கிற, கை படுகிற, கழுவுகிற உயரத்துக்கு டைல்ஸ். எட்டாத உயரத்தில் சாந்து. மரம் கூரை நிழலில். இந்த ஒழுங்கை மாற்றிப்போட்டு வடிவத்தை மட்டும் எடுத்தால் வேலை நிலைக்காது.

உள்சுவருக்கு பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் சரி. விறாந்தைக்கு வேண்டவே வேண்டாம். அது ஜிப்சம், தண்ணியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கார்த்திகைத் தூவானம் பட்டால் பூவின் விளிம்பு முதலில் மழுங்கும். சீமெந்துப் பூச்சின் மேல் ஈரத்தோடு இருந்தால் இரண்டும் தாக்கி ஊதி, பலகையாகக் கழன்று வரும். அங்கே நன்றாக ஊறின சுண்ணாம்பும் கழுவின மணலும் பாவியுங்கோ.

பிளாஸ்டர் குழைக்கும்போது தண்ணிக்குள் மாவைத் தூவுங்கோ, மாவுக்குள் தண்ணி ஊற்றினால் கட்டி விழும். பாத்திரத்தில் பழைய இறுகல் ஒட்டியிருந்தால் அடுத்த கலவை கைக்குள்ளேயே இறுகும். உவர்க் கிணற்றுத் தண்ணி கூடாது, காய்ந்த பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கும். செதுக்குவது ஈரம் இருக்கும்போதே.

மரத்துக்கு அவர்களிடம் தேவதாரு, எங்களிடம் முதிரை. நன்றாகக் காய்ந்த பலகை எடுங்கோ, பச்சை மரம் பங்குனி வெயிலில் வெடிக்கும்.

செட்டிகுளம் மேசன்:
ஜஸாக்கல்லாஹ் ஹைர் நானாமாரே. டைல்ஸுக்கு மேலே ஒரு வரி அரபு எழுத்தும் கேட்கிறார்கள்.

கோணமட்டம்:
அத்தாரீனில் அந்த எழுத்து வரி வெட்டி ஒட்டினது இல்லை. கறுப்பு மெருகூட்டின ஓட்டில் எழுத்தை மட்டும் விட்டு, சுற்றியுள்ள மெருகைச் சுரண்டி எடுத்தது. சுரண்டின இடத்தில் மங்கலான களிமண் நிறம் தெரியும், கறுப்பு எழுத்து பளபளக்கும். உங்கள் டைல்ஸின் மெருகு மெல்லியது என்றால் முதலில் ஒரு கழிவுத் துண்டில் சுரண்டிப் பாருங்கோ.

இன்னொன்று. துண்டுகளை முகம் கீழாக அடுக்கிப் பின்னால் சாந்து ஊற்றிப் பலகையாக எடுக்கும் முறையில் நட்சத்திரம் புரண்டாலும் அதேதான். வெட்டின துண்டுகளால் எழுத்து அமைத்தால் அப்படி இல்லை, இடவலம் மாற்றி அடுக்க வேண்டும். ஊற்றுவதற்கு முன் கண்ணாடியொன்றைப் பிடித்து, எழுத்தின் புள்ளிகள் உட்பட ஓர் ஆலிமை (மார்க்க அறிஞரை) வாசிக்கச் சொல்லுங்கோ. சாந்து இறுகின பிறகு ஒரு புள்ளியைக்கூட நகர்த்த முடியாது.