பெரியப்பாவின் புளித்த ஏப்பம்

பெரியப்பா (காலை 5:42): ராத்திரி தூக்கமே இல்லை. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி வருகிறது. நெஞ்செரிச்சல் வேறு.

அத்தை: பத்தரைக்குக் கல்யாணப் பந்தி, பதினொன்றுக்குப் படுக்கை. எரியாமல் என்ன செய்யும் அண்ணா?

நர்ஸ் அக்கா: பெரியப்பா, கைக்கோ தாடைக்கோ வலி பரவுகிறதா? வியர்க்கிறதா? மூச்சு வாங்குகிறதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பெரியப்பா: அதெல்லாம் இல்லை அம்மா. எழுந்து உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது.

நர்ஸ் அக்கா: சரி. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் 3, 4 செ.மீ. நீளத்துக்குத் தசை இறுகியே இருக்கும். விழுங்கும்போது சில நொடி தளரும். வேண்டாத நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலே வரும்.

பெரியப்பா: கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மாதிரியா? அது போனால் ஏறின தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும்.

நர்ஸ் அக்கா: அதில் மூடி உண்டு, இதில் கிடையாது. ஆச்சியின் சுருக்குப்பை வாயை நினைத்துக்கொள்ளுங்கள். வயிறு முட்டத் தின்றால் அந்தச் சுருக்கு அடிக்கடி தானாக அவிழும். ஏப்பம் வருவதும் அப்படித்தான். உங்கள் ஃபுட் வால்வு மாதிரி மடல் இருப்பது சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்தில்.

நான்: அக்கா, தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தால் வயிற்றுக்குப் போகுமா என்று பையன் கேட்கிறான்.

நர்ஸ் அக்கா: போகும். குழாயே பிழிந்து பிழிந்து தள்ளிவிடும். அதற்காகச் செய்து பார்க்க வேண்டாம் என்று சொல் 😄

அத்தை: எனக்கு நேற்றைய நெய்ச்சோறு இன்னும் கல் மாதிரி கிடக்கிறது.

நர்ஸ் அக்கா: அது இரைப்பையின் கீழ்வாசலின் வேலை அத்தை. இரைப்பை கிரைண்டர் மாதிரி அரைத்து, 1, 2 மி.மீ. பொடியானதைத்தான் சிறிது சிறிதாக அந்த வாசல் வழியே சிறுகுடலுக்குள் விடும். நெய் இறங்கினால் சிறுகுடலே 'மெதுவாக அனுப்பு' என்று தடுத்துவிடும்.

பெரியப்பா: நான் எந்தப் பக்கம் படுக்கட்டும்?

நர்ஸ் அக்கா: இடது பக்கம். அப்போது பை கீழே, சுருக்கு மேலே. வலது பக்கம் படுத்தால் அமிலம் சுருக்கின் மேலேயே நிற்கும். தலையணையை அடுக்காதீர்கள், வயிறுதான் மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் கொடுங்கள். சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துத்தான் படுக்கை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

பெரியம்மா: இடது பக்கம் என்றால் குறட்டை நேராக என் காதில். யோசித்துச் சொல்லடி.

பெரியப்பா (6:31): செங்கல் வைத்தாயிற்று. ஒரு கால் மட்டும் ஆடுகிறது.

பெரியம்மா: எந்தச் செங்கல்? துளசி மாடத்தடியில் இருந்ததா?