டயர் பாலிஷ் ஸ்ப்ரே படிந்து பட்டறைத் தரை வழுக்குகிறது, எப்படி எடுப்பது?

வீல்பிட் (கேள்வி)

எங்கள் பட்டறைத் தரை முழுக்க எபாக்ஸி என்ற கெட்டியான பிசின் பூச்சு. கார் கழுவி முடித்ததும் டயருக்குப் பளபளப்பு ஸ்ப்ரே அடிப்பது ஒரே ஒரு மூலையில்தான். அங்கே தொடங்கிய வழுக்கல் இப்போது வண்டி தூக்கும் லிஃப்ட் வரை வந்துவிட்டது. பார்த்தால் தரை காய்ந்து சுத்தமாகத்தான் தெரிகிறது. காலை வைத்தால் சறுக்குகிறது. போன வாரம் எங்கள் பையன் ஒருவன் சக்கரத்தைத் தூக்கி வரும்போது விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

சோப்புத்தூள் போட்டு மூன்று முறை மாப் போட்டாயிற்று. வழுக்கும் இடம் பெரிதாகிறதே தவிரக் குறையவில்லை. தின்னர் ஊற்றித் துடைக்கலாமா என்று பையன்கள் கேட்கிறார்கள். பூச்சு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இதைச் சரி செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தரைக்காரர்

மாப் போடுவதை இன்றே நிறுத்துங்கள். அந்த ஸ்ப்ரேயில் இருப்பது சிலிகோன் எண்ணெய். தண்ணீரில் கரையாது, மெல்லிய படலமாகப் பரவிக்கொண்டே போகும். வாளித் தண்ணீரில் மாப்பை முக்கி எடுக்கும்போது ஒரு மூலையில் இருந்ததைப் பட்டறை முழுக்கத் தடவுகிறீர்கள். எனக்கும் இதேதான் நடந்தது. ஒரு மாதம் தேய்த்த பிறகுதான் குற்றவாளி மாப் என்று புரிந்தது.

நான் செய்தது இது. முதலில் ஈரமாகத் தெரிந்த இடத்தில் எண்ணெய் உறிஞ்சும் களிமண் குருணையைக் கொட்டி, செருப்புக் காலால் நன்றாகத் தேய்த்து, கூட்டி அள்ளிவிட்டேன். அப்புறம் காரத்தன்மையுள்ள டீகிரீசரை, அதாவது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவத்தை, டப்பாவில் சொன்ன அளவில் வெந்நீரில் கலந்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டமாக ஊற்றினேன். ஐந்து பத்து நிமிடம் ஊற வேண்டும், காயக் கூடாது. காய்ந்தால் கரைந்தது திரும்ப அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கெட்டியான நைலான் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை ஈரம் உறிஞ்சும் வாக்குவத்தால் அங்கேயே எடுத்துவிட வேண்டும். வைப்பரால் அடுத்த கட்டத்துக்குத் தள்ளினால் பட்ட பாடு வீண். பிறகு நல்ல தண்ணீர் விட்டு மறுபடி உறிஞ்சுங்கள். எனக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு தடவை தேவைப்பட்டது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அலுமினிய வீல்களை அந்தப் பக்கம் வைக்காதீர்கள், காரம் பட்டால் கறை விழும்.

பெயின்ட்பூத்

தின்னர் வேண்டாம் அண்ணா. தின்னர் எபாக்ஸியை மென்மையாக்கிவிடும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கேயோ இருக்கும் ஒரு தீப்பொறியைப் பிடிக்கும். மிகப் பிடிவாதமான திட்டுக்கு மட்டும் மினரல் டர்பன்டைனைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், சிலிகோன் அதில் கரையும். முதலில் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். கதவைத் திறந்து வையுங்கள், வெல்டிங், கிரைண்டர் எல்லாம் அணைந்திருக்கட்டும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். அந்த டர்பன்டைன் ஈரத்தை வாக்குவத்தால் உறிஞ்சவே உறிஞ்சாதீர்கள், மோட்டார் தீப்பொறியில் பற்றிக்கொள்ளும்.

பெயின்ட் அடிக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் இன்னும் கவனம். துளி சிலிகோன் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாகக் குழி விழும். அந்தக் கோபம் எனக்கு நிறைய உண்டு.

வீல்பிட்

நன்றி. முழுசாகப் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தரைக்காரர்

ஸ்ப்ரே போகவே போகாத ஒரு மூலையில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், தேய்த்த இடத்திலும் விடுங்கள். சிலிகோன் மிச்சம் இருந்தால் தண்ணீர் முத்து முத்தாகக் கூடி உருளும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பரவினால் சரி.

காலணிகளை மறந்துவிடாதீர்கள்! அடிப்பகுதியை அதே டீகிரீசரால் தேய்க்காவிட்டால் மறுநாளே திரும்ப வரும். இனிமேல் டயர் மேல் நேராக அடிக்காமல் ஸ்பாஞ்சில் ஊற்றித் தடவச் சொல்லுங்கள், கீழே ஒரு அட்டை போடுங்கள். தண்ணீர் கலந்த வகை என்று எழுதியிருந்தாலும் பலவற்றில் சிலிகோன் இருக்கும்.

வீல்பிட்

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். மூலை சுத்தமாகிவிட்டது, தண்ணீர் பரவுகிறது. பழைய மாப்பைத் தூக்கி எறிந்தாயிற்று. உண்மையில் எல்லோருடைய ஷூவையும் தேய்த்த பிறகுதான் லிஃப்ட் பக்கம் குறைய ஆரம்பித்தது, அதை நான் யோசிக்கவே இல்லை. பையனுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள், இன்னும் கனமானது எதையும் தூக்க விடவில்லை. லிஃப்டுக்கு அடியில் இரண்டு கட்டம் பாக்கி. நாளை வண்டி ஏற்றுவதற்கு முன் தேய்த்துவிடுவேன்.