மறு: டூயல் எக்ஸாஸ்ட்டுக்குத் தமிழ்ச்சொல் – ‘இரட்டை’ என்றால் எது இரட்டை?

குழுவினருக்கு வணக்கம்.

வண்டியின் புகைக்குழாய் இரண்டாக இருப்பதைச் சொல்லும் ‘டூயல் எக்ஸாஸ்ட்’டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று, ஒரு வாரமாக இந்த இழை ‘இரட்டை வெளியேற்றமா, ஈரிணை வெளியேற்றியா’ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. சத்துவாச்சாரியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன், வாய் திறக்கவில்லை. போன சனிக்கிழமை பட்டறையில் ஒன்றைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் ஒரு பழைய நாலு சிலிண்டர் செடான் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் பின் பம்பரை மாற்றி, இரண்டு பக்கமும் பளபளவென்று எவர்சில்வர் வாய் வைத்திருந்தார். ‘டூயல் எக்ஸாஸ்ட் சார், சும்மா பறக்கும்’ என்று சொல்லித்தான் தரகர் என் தலையில் கட்டினார். சனிக்கிழமை சைலன்சர் ஓட்டையை அடைக்கப் போனபோது, மேஸ்திரி ஒரு ஸ்போக்ஸ் கம்பியை எடுத்து இடப்பக்க வாயில் விட்டார். முழுசாகப் போய், கரியோடு வந்தது. வலப்பக்கம் விட்டார். நாலு விரற்கடை போனதும் ‘டங்’. இழுத்துப் பார்த்தால் கம்பி நுனியில் காய்ந்த மண். உள்ளே குளவி கூடு கட்டியிருக்கிறது. ‘இன்னா சார், இது பொகை போற வழியா? கொளவிக்கு வாடகைக்கு வுட்ட ஊடு’ என்றார்.

இதற்கும் பெயர் டூயல் எக்ஸாஸ்ட் என்றால் அந்த ஆங்கிலச் சொல்லே ஒழுங்காக இல்லை என்றுதானே அர்த்தம்? அதை அப்படியே தமிழாக்கினால் அதன் குழப்பமும் சேர்ந்து வரும். எது இரட்டை, எந்த இடத்தில் இரட்டை என்று பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

நம் வயதுக்காரர்கள் யெஸ்டி பைக்கை மறந்திருக்க மாட்டார்கள். சிலிண்டர் ஒன்று, சைலன்சர் இரண்டு. அந்த ஒரு சிலிண்டரிலேயே புகை வெளிவர இரண்டு துவாரம். ஒவ்வொன்றுக்கும் தனிக்குழாய், கடைசிவரை தனித்தனி. ராஜ்தூத் 350-க்குச் சிலிண்டரும் இரண்டு, சைலன்சரும் இரண்டு. வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) கார்களிலும் இதே கதைதான். இன்ஜின் இரண்டு வரிசையாகப் பிரிந்திருக்கிறது, வரிசைக்கு ஒரு குழாய். இவையெல்லாம் பிறக்கும்போதே இரட்டை.

நேர்வரிசை நாலு சிலிண்டரில் அப்படி இல்லை. நான்கும் ஒரே சிலிண்டர் தலையின் (மேல்மூடியின்) ஒரே பக்கமாகப் புகை விடுகின்றன. கூடிச் சேர்ந்து ஒரு குழாயாக வண்டியின் அடியில் போகின்றன. பின் அச்சுக்குப் பக்கத்தில்தான் அந்தக் குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரைப் பாருங்கள்: டர்போ (புகையின் வேகத்தில் டர்பைன் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) ஒன்று, அதிலிருந்து கிளம்பும் குழாயும் ஒன்று, பம்பருக்கு அடியில் மட்டும் இரண்டு வாய். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் செடானில் இன்னும் வேடிக்கை. அது படுத்த இன்ஜின், பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், பிறவி இரட்டைக்கு எல்லாத் தகுதியும் உண்டு. அதிலும் புகை இன்ஜினுக்கு அடியிலேயே ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. பின்னால் போய்ப் பார்த்தால் நாலு வாய்!

‘பவருக்காகத்தானே பிரிக்கிறார்கள்’ என்று குடியாத்தம் தம்பி கேட்டிருந்தார். இல்லை தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 இஞ்ச் குழாய் இரண்டின் குறுக்குப் பரப்பு சுமார் 6.3 சதுர இஞ்ச். ஒரே 3 இஞ்ச் குழாயில் 7 கிடைத்துவிடும். எடையும் குறைவு. இரண்டு குழாய்க்கும் ஒரு குழாய்க்கும் பரப்பு சரிசமமாக இருந்தாலும், இரண்டு குழாயில் புகை உரசிப் போகும் சுவர் 1.4 மடங்கு. அவ்வளவு சுவரில் உரசினால் புகை ஆறும், வேகம் குறையும்.

அந்த வேகம்தான் முக்கியம். 3000 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டரும் சேர்ந்து நொடிக்கு 100 முறை புகையைத் துப்புகின்றன. ஒவ்வொரு துப்பலும் வேகமாக ஓடும்போது பின்னால் ஒரு வெற்றிடம்போல விட்டுச்செல்லும். அது அடுத்த சிலிண்டரின் புகையை உறிஞ்சி இழுக்கும். குழாய் தேவைக்குமேல் பெருத்தால் அந்த இழுப்பு போய்விடும். டர்போ இல்லாத வண்டியில் இது கீழ்வேகத்திலேயே தெரியும். (சென்ற மடலில் ஒருவர் ‘பின்னழுத்தம் அவசியம்’, அதாவது புகை வெளியேறாமல் குழாய் கொஞ்சம் தடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அவசியம் வேகம்தான், பின்னழுத்தம் எப்போதும் நஷ்டக்கணக்கு.) டர்போ வண்டியில் டர்பைனைத் தாண்டியதும் துடிப்பு மழுங்கிவிடுவதால் பெரிய ஒற்றைக் குழாயே போதும்.

நாலு சிலிண்டருக்கு உண்மையான இரட்டை போடவே முடியாதா என்றால், முடியும். சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்றால் 1-ஐயும் 4-ஐயும் ஒரு குழாயில், 2-ஐயும் 3-ஐயும் இன்னொன்றில் சேர்த்தால் ஒவ்வொரு குழாயிலும் இன்ஜின் 360 பாகை, அதாவது ஒரு முழுச் சுற்று, சுற்றும்போது ஒரு துடிப்பு, சீராக வரும். தெரியாமல் 1-2, 3-4 என்று சேர்த்தால் 180, 540 என்று நொண்டியடிக்கும். ஆனால் அப்படிச் சேர்த்த இரண்டையும் கொஞ்ச தூரத்தில் ஒன்றாக்குவதுதான் வழக்கம். பட்டறைக்காரர்கள் ‘நாலு-ரெண்டு-ஒண்ணு’ என்பது இதைத்தான். இதற்குக் கலைச்சொல் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

பின்னே எதற்குப் பிரிக்கிறார்கள்? ஸ்டெப்னி குழியும் பெட்ரோல் டாங்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும்போது, ஒரு பெரிய சைலன்சரைவிட இரண்டு சிறியதை இரு பக்கமும் ஒதுக்குவது சுலபம். ஒலியடக்க இடமும் கூடுதலாகக் கிடைக்கும். அப்புறம் அழகு. அழகு ஒன்றும் குற்றமில்லை, அதைப் பவர் என்று விற்பதுதான் பிரச்சினை.

இனி சொல்லுக்கு வருகிறேன். அடிச்சொல்லாக ‘புகைவழி’யை வைக்கலாம். ‘வெளியேற்றி’ என்றால் தண்ணீர் மோட்டாரா, சமையலறை விசிறியா என்று கேட்பார்கள். ‘புகைபோக்கி’யைக் கேட்டதும் எங்களுக்கு ராணிப்பேட்டைத் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டில் தொடங்கிப் பின்வாய் வரை முழு அமைப்பும் ஒரு வழிதானே.

கடைசிவரை தனித்தனியாக ஓடுவது *இருவழிப் புகைவழி*. ‘வழி’ இரண்டு முறை வருகிறது என்று பேராசிரியர் ஐயா முகம் சுளித்தால் ‘இரட்டைப் புகைவழி’ என்றே வைத்துக்கொள்ளலாம், ஆனால் யெஸ்டி, ராஜ்தூத் 350, வி8 போன்ற பிறவி இரட்டைகளுக்கு மட்டும்தான் அந்தப் பட்டம். நடுவிலோ பின்னாலோ பிரிவது *கவைப் புகைவழி* (கவை என்றால் இரண்டாகப் பிரிந்த கிளை). ஒய் வடிவக் குழாய்க்கும் கவைக்குழாய் என்றே சொல்லிவிடலாம். வாய் மட்டும் இரண்டு என்றால் *இருவாய்*, அவ்வளவுதான். என் குளவி வீடு *பொய்வாய்*.

பின்வாய்க்கு ‘அணசு’ என்று வைக்க எனக்கு ஆசை. நாதஸ்வரத்தின் விரிந்த அடிப்பகுதிக்கு அதுதான் பெயர், வடிவமும் அதேதான். வீட்டில் சொன்னபோது யாருக்கும் புரியவில்லை என்பதால் கைவிட்டேன். சிங்கிளுக்கு ‘ஒற்றை’ என்று தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. ஒப்பிட்டுப் பேசும்போது மட்டும் சேர்த்தால் போதும். ஒரு தலைக்காரனை யாரும் ‘ஒற்றைத்தலையன்’ என்று கூப்பிடுவதில்லை.

அன்புடன்,
சத்துவாச்சாரியிலிருந்து

---

ஐயா, கவை என்பது இப்போது யாருக்குத் தெரியும்? ‘கவைக்குதவாத பேச்சு’ என்பதில் மட்டும்தானே உயிரோடு இருக்கிறது? பட்டறைக்குப் போகாத சொல் வேண்டாம் என்று நீங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள்.

– ஆம்பூர்

---

ஆம்பூர் நண்பருக்கு,

கவைக்குதவாத என்றதும் சிரித்துவிட்டேன், பவர் கணக்கில் பார்த்தால் அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பாட்டி புளி உலுக்கியதும், பந்தலுக்கு முட்டுக் கொடுத்ததும் கவைக்கொம்பால்தான். பாலாற்றங்கரைப் பக்கம் ஊர்களில் இன்னமும் சொல்கிறார்கள்.

இருந்தாலும் சோதித்துவிடலாம் என்று இன்று காலை மேஸ்திரியிடம் ஒய் பைப்பைக் காட்டி, ‘இதைக் கவைன்னு சொன்னா புரியுமா?’ என்று கேட்டேன். ஸ்பானரைக் கீழே வைக்காமலே, ‘கவட்டைன்னு சொல்லு சார், பசங்களுக்கும் புரியும்’ என்றார். பக்கத்தில் இருந்த பையன்கள் வேறு எதையோ நினைத்துச் சிரித்தார்கள். ஆனால் அரை மணி கழித்து அதே பையன்களில் ஒருவன், ‘அண்ணே, அந்தக் கவட்டை கேஸ்கெட் எங்க?’ என்று கேட்டான்.

எனவே பட்டியலில் ‘கவைப் புகைவழி’ என்று ஏற்றி, பக்கத்தில் ‘பட்டறை வழக்கு: கவட்டை’ என்று சேர்த்துவிடுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மேனிஃபோல்டுக்கு யாராவது தனி இழை தொடங்குங்கள், ‘பன்மடி’யை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

– சத்துவாச்சாரி